மேனேஜர் எழுதிய ‘ஹோல்ட் பேக்’: பாராட்டா, குறையா?

கேள்வி: இந்த வருட அப்ரைசலில் என் மேனேஜர் ‘ஷி டென்ட்ஸ் டு ஹோல்ட் பேக் இன் மீட்டிங்ஸ்’ என்று எழுதியிருக்கிறார். அடக்கமானவள் என்று பாராட்டுகிறாரா? அகராதியைப் பார்த்தால் தடுத்தல், மறைத்தல், தயங்குதல் என்று ஏதேதோ போட்டிருக்கிறது.

பதில்: பாராட்டு இல்லை. மீட்டிங்கில் மனதில் இருப்பதைச் சொல்லாமல் தயங்குகிறீர்கள் என்கிறார். அதற்காகக் கவலைப்படாதீர்கள். சொல்ல விஷயம் இருந்தும் பேசாதவரைப் பற்றித்தான் இப்படி எழுதுவார்கள். அந்த வகையில் உங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது.

எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்பதற்குச் செயப்படுபொருளைப் பாருங்கள். உங்கள் வாக்கியத்தில் அது இல்லவே இல்லை. அப்படி வந்தால் பெரும்பாலும் தயக்கம்தான். ‘டோன்ட் ஹோல்ட் பேக்’ என்றால் தயங்காமல் சொல்லுங்கள் என்று பொருள்.

கண்ணீரோ சிரிப்போ செயப்படுபொருளாக வந்தால் அடக்கிக்கொள்வது: ‘ஷி ஹெல்ட் பேக் ஹெர் டியர்ஸ்’. தகவல் என்றால் முழுதும் சொல்லாமல் மறைப்பது. பணம் என்றால் பிடித்து வைப்பது. வேலை முடியும்வரை கான்ட்ராக்டர் பில்லில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பார்களே, அதுதான்.

ஆள் வந்தால் மட்டும் எழுவாயையும் பார்க்க வேண்டும். ‘த போலீஸ் ஹெல்ட் பேக் த க்ரவுட்’ என்றால் போலீஸ் கூட்டத்தைத் தடுத்து நிறுத்தியது. ‘ஃபியர் இஸ் ஹோல்டிங் ஹிம் பேக்’ என்றால் பயம் அவரை முன்னேற விடவில்லை. அமெரிக்காவில் ஒரு பள்ளிப் பையனைப் பற்றி ‘ஹி வாஸ் ஹெல்ட் பேக்’ என்றால், அவனை மறுபடி அதே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது சொல் வரிசையில்தான். மீ, ஹிம், ஹெர், இட் போன்றவை கட்டாயம் நடுவில் வரவேண்டும். ‘ஹோல்ட் ஹிம் பேக்’ சரி, ‘ஹோல்ட் பேக் ஹிம்’ தப்பு. பெயர்ச்சொல்லாக இருந்தால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். அப்புறம், போனை வைக்காதீர்கள் என்று சொல்ல இதைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு ‘ஹோல்ட் ஆன்’.

அப்ரைசலுக்குப் பதில் எழுதும்போது, ‘ஐ வில் ட்ரை நாட் டு ஹோல்ட் பேக்’ என்று போட்டாலே போதும். ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருப்பதுதான் காரணம் என்றால், நேரில் பேசும்போது ‘மை இங்கிலீஷ் ஹோல்ட்ஸ் மீ பேக்’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். அவர் உதவ அது வழிகொடுக்கும்.