மான் போட்ட ஸ்வெட்டரும் சென்னை மார்கழியும்

கேள்வி: லண்டனில் இருக்கும் நாத்தனார் எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மான் படம் போட்ட கிறிஸ்துமஸ் ஸ்வெட்டரும் ஃப்ளீஸ் நைட் டிரெஸ்ஸும் அனுப்பியிருக்கிறார். நள்ளிரவுப் பூசைக்கு அதைத்தான் போடுவோம் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். சென்னைக்குச் சரிப்படுமா? - வாசகி, பெரம்பூர்

பதில்: போட்டோ எடுக்கும் பத்து நிமிஷத்துக்குச் சரிப்படும். லண்டனில் டிசம்பர் ராத்திரி 5 டிகிரியை ஒட்டி இருக்கும், நமக்கோ விடிகாலையிலேயே 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம், அதிலும் கோயிலுக்குள் அவ்வளவு கூட்டத்தில் நின்றால் 'ஓ புனித இரவே' பாட்டு முடிவதற்குள் பிள்ளைகள் தொப்பலாக நனைந்துவிடுவார்கள்.

உள்பக்க லேபிளைப் பாருங்கள். அக்ரிலிக் என்றால் வியர்வையை உறிஞ்சாது, ஃப்ளீஸ் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். மெழுகுவர்த்தி பிடிக்கும் நேரத்தில் தொளதொள பாலியஸ்டர் கை வேண்டவே வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஸ்வெட்டரில் மினுக்கும் லைட் இருந்தால் துவைக்கும்முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், பட்டன் பேட்டரி சின்னக் குழந்தை கையில் கிடைக்கவே கூடாது.

பூசைக்குத் திருப்பூர் காட்டன் முழுக்கை டீ-ஷர்ட், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை) போதும், சிவப்பில் வாங்கி மான் படம் அச்சடித்துக்கொள்ளலாம். ராத்திரிக்கும் அதே துணியில் பேன்ட். ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் முழங்கால்வரை நீளும், பாயில் விரித்துக் காயவையுங்கள். அப்புறம் கொடைக்கானல் போகும்போது அந்த ஃப்ளீஸை மறக்காமல் பெட்டியில் வையுங்கள், நாத்தனாருக்கு அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பலாம்.