சருகைக் கூட்டாதீர்கள்

ஐயா, வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மா, இரண்டு முருங்கை, செம்பருத்தி வேலி. தினமும் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறேன். வலசைப் பறவைகளுக்கென்று தட்டு கட்டித் தினை போட்டேன். இரண்டு வருடமாக அணிலும் புறாவும்தான் வருகின்றன. எங்கே தவறு?
– வாசகர், மதுரை

வணக்கம். கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பதுதான் தவறு. நம் தோட்டங்களில் இறங்கும் வலசைப் பறவைகள் பெரும்பாலும் பூச்சி தின்பவை. தினையை அவை திரும்பிக்கூடப் பார்க்காது. தட்டைக் கழற்றிவிடுங்கள், எலியாவது குறையும்.

புரட்டாசி பிறக்குமுன் மாமரத்தடியில் ஆறுக்கு ஆறடி இடத்தைத் துடைப்பம் படாமல் விடுங்கள். சருகு மூன்று விரற்கடை சேரட்டும். காய்ந்து மொறமொறத்தால் அடியில் புழு தங்காது. வாரம் இரண்டு முறை தண்ணீர் தெளியுங்கள்.

அங்கேதான் ஆறுமணிக்குருவி வரும். காலை, மாலை ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், பேரே அதனால்தான். ஐந்தே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். சருகைப் புரட்டும் ஓசை முதலில் கேட்கும், அடிவயிற்றுச் சிவப்பு பிறகுதான் தெரியும். எழுந்தால் போச்சு. அதே நிழலில் கொடிக்கால் வாலாட்டியும் மேயும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது பின்னுடம்பையே பக்கவாட்டில் அசைக்கும். வெற்றிலைக் கொடிக்கால் நிழலை அறிந்தவர்கள் வைத்த பெயர்! வேலிக்குள் 'சக், சக்' என்று கேட்டால் பெரும்பாலும் கதிர்க்குருவி. தேடி அலையாதீர்கள், தானே வெளியே வரும்.

தண்ணீருக்கு அகலமான மண்தட்டு போதும். ஆழம் இரண்டு அங்குலம், நடுவில் சொரசொரப்பான கல். புதரிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள், பூனை பதுங்க இடமிருக்காது. தினமும் நீரைக் கொட்டுவது மட்டும் போதாது: டெங்கு கொசுவின் முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும்.

கண்ணாடி ஜன்னல் இருக்கிறதா? ஆறுமணிக்குருவி இரவெல்லாம் பறந்து களைத்து இறங்கும் அக்டோபரில் அதில் மோதி விழுவது சகஜம். வெளிப்பக்கம் நாலு அங்குலத்துக்கு ஒரு கயிறாகத் தொங்கவிடுங்கள். விழுந்ததை எடுத்து, ஓட்டையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக ஒரு மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பெட்டிக்குள் படபடக்க ஆரம்பித்ததும் மரத்தடியில் திறந்துவிடுங்கள். எழ முடியாமல் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.