இரட்டைக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேனா?

கேள்வி: என் மகளுக்கு இது 13-வது வாரம். இரட்டைக் குழந்தை, ஆனால் நஞ்சுக்கொடி ஒன்றுதான் என்கிறது ஸ்கேன். 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோவைக்கு வரச் சொல்கிறார்கள். மலைப்பாதையில் அவளுக்கு வாந்தி நிற்பதில்லை. துடிப்பை இங்கேயே பார்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை கீழே போனால் போதாதா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: போதாதம்மா. ஒரே நஞ்சுக்கொடியில் வளரும் குழந்தைகளின் ரத்தக்குழாய்கள் அதற்குள்ளேயே இணைந்திருக்கும். இப்படிப்பட்ட கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை, ரத்தம் ஒரு குழந்தையிடமிருந்து மற்றதற்கே அதிகம் போய்விடுகிறது. கொடுக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து பனிக்குடம் வற்றும். வாங்கும் குழந்தைக்கு நீர் பெருகி, இதயம் திணறும். சில நாட்களிலேயே இது முற்றலாம். அப்போதும் இரண்டு துடிப்பும் கேட்கும் என்பதுதான் சிக்கல்.

எனவே ரிப்போர்ட்டில் 'இருவரும் நலம்' என்று மட்டும் இருந்தால் அளவுகளைக் கேளுங்கள். ஒரு பையில் நீரின் ஆழம் 2 செ.மீ.க்குக் கீழும், மற்றதில் 8 செ.மீ.க்கு மேலும் போனால் (20 வாரத்துக்குப் பிறகு சில இடங்களில் 10 என்று கொள்வார்கள்) அன்றே கருநல நிபுணரிடம் போக வேண்டும். இரு குழந்தைகளின் சிறுநீர்ப்பையும் தெரிகிறதா, எடை வித்தியாசம் 25 சதவீதத்தைத் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 20 வாரத்திலிருந்து மூளை ரத்தக்குழாய் டாப்ளரும் (ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் ஸ்கேன்) தேவை. ஏனென்றால் நீர் சரியாக இருக்கும்போதே ஒரு குழந்தைக்கு ரத்தசோகை வரக்கூடும். இணைப்புக் குழாய்களை லேசரால் அடைக்கும் சிகிச்சை பெரும்பாலும் 16 முதல் 26 வாரத்துக்குள்தான். மாதம் ஒருமுறை போனால் அந்த வாய்ப்பே கைநழுவலாம்.

வாந்திக்கு டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள். முன் சீட்டில் உட்காரட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் ஸ்கேனைத் தள்ளிப்போடாமல், ஊட்டியிலோ குன்னூரிலோ நீர் அளவையாவது பார்த்து, கோவை டாக்டருக்குப் போனில் சொல்லுங்கள். பி.பி., ஹீமோகுளோபினுக்கு உள்ளூரே போதும்.

இரண்டு மூன்று நாளில் வயிறு திடீரென்று பெருத்து இறுகினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, நீர் கசிந்தாலோ, வலி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். "ரெட்டைப் புள்ள, வயிறு பெருசாத்தான் இருக்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள்.

சிக்கல் இல்லாவிட்டாலும் 36 வாரத்தையொட்டிப் பிரசவம் வைப்பார்கள். 30 வாரம் தாண்டியதும், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க வையுங்கள். பனிக்குடமும் ஒன்றே என்று ரிப்போர்ட் சொன்னால் கணக்கே வேறு: தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும் என்பதால் 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் செய்வார்கள். அதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.