குண்டு இடப்பக்கம் கீழே விழுகிறது: கைப்பிடியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எனக்கு 21 வயது. கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கொழும்புக்குப் போய் ஒரு கழகத்தில் 10 மீற்றர் எயார் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் பிஸ்டல்) பழகுகிறேன். பிஸ்டல் கழகத்தினுடையது. வலது கையால் சுடுகிறேன். ஆறு மாதமாகக் குண்டுகள் பெரும்பாலும் இலக்கு அட்டையின் இடப்பக்கம் கீழே, ஏழாம் எட்டாம் வளையங்களில் விழுகின்றன. என் கைக்கு அந்தக் கைப்பிடி பொருந்தவில்லை என்று ஒருவர் சொல்கிறார். வெளிநாட்டுச் செதுக்கு மரக் கைப்பிடி ஒன்று எடுத்துத் தருவாராம், சொந்தப் பிஸ்டலுக்கு அனுமதிப்பத்திரமும் எடுத்துத் தருவாராம். 90,000 ரூபா கேட்கிறார், அரைவாசி முற்பணம். அம்மா சங்கிலியை அடைவு வைக்கலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தங்கச்சி, சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். ஒரு ரூபாவும் முற்பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கோளாறு மரத்தில் இல்லை, உங்கள் சின்னவிரலில் இருக்கிறது. அதைச் சரிபார்க்க வீட்டில் இருக்கிற ஒரு பிடி கோதுமை மா போதும்.

வலது கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் கீழே போனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். விசையை இழுக்கும்போது சுட்டுவிரல் மட்டும் அசைகிறதா, முழுக் கையும் சேர்ந்து பொத்துகிறதா? பிறந்ததிலிருந்து நாங்கள் ஐந்து விரலையும் ஒன்றாகத்தான் மடக்கியிருக்கிறோம். மண்வெட்டி, கிணற்றுக் கயிறு, சைக்கிள் பிறேக் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அதனால் சுட்டுவிரலை மடக்கென்று சொன்னால் மற்ற விரல்களும் கூடவே இறுகுகின்றன. இறுகினால் குழல்முனை கீழே சாய்ந்து இடப்பக்கம் திரும்பும். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் குண்டு போய்விடும்.

இவ்வளவு சின்னச் சாய்வு ஏன் ஏழு வரைக்கும் கொண்டுபோகிறது என்று கேட்பீர்கள். முன் குறிமுனைக்கும் பின்னால் இருக்கிற பள்ளத்துக்கும் இடையே 32 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அட்டை 10 மீற்றரில் நிற்கிறது. அது ஏறத்தாழ 31 மடங்கு தூரம். பிஸ்டல் சாயாமல் கை முழுதும் ஒரு மில்லிமீற்றர் பக்கத்துக்கு ஆடினால், அட்டையிலும் ஒரு மில்லிமீற்றர்தான் தவறும். ஆனால் முன்முனை பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீற்றர் விலகிவிட்டால் அட்டையில் 31 மில்லிமீற்றர். நடுவில் இருக்கிற பத்து வளையத்தின் முழு விட்டமே 11.5 மில்லிமீற்றர், அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீற்றர். பத்துக்குப் போகவேண்டியது ஏழில் விழும். ஆகவே கை ஆடுகிறதே என்று கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் ஆடும். பிடி மாறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பிடிக்கு வருவோம். பிஸ்டலை மேசையிலிருந்து வலது கையால் அள்ளி எடுக்காதீர்கள். இடது கையால் குழல் பக்கம் பிடித்து, வலது கைக்குள் வைத்துக் கொடுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்கிற கவட்டை, கைப்பிடியின் மேல் வளைவுக்குள் இடைவெளி இல்லாமல் ஏறி உட்கார வேண்டும். கீழே இறங்கிப் பிடித்தால் மணிக்கட்டு தளர்ந்துவிடும். பிறகு நடுவிரலும் மோதிரவிரலும் மரத்தை நேரே பின்னுக்கு, உள்ளங்கையை நோக்கி இழுக்கட்டும். பிடியின் பலம் முழுக்க அந்த இரண்டு விரலில்தான். சின்னவிரல் சும்மா தொட்டுக்கொண்டு இருக்கட்டும். பெருவிரலும் அப்படித்தான், அழுத்தக் கூடாது. சுட்டுவிரல் மரத்தில் எங்கேயும் உரசக் கூடாது. அதன் முதல் கணுவின் சதைப்பகுதி விசையில் பட்டு, நேரே பின்னுக்கு வரட்டும். எயார் பிஸ்டலின் விசைக்கு விதிப்படி குறைந்தது 500 கிராம் இழுவை. அரைக் கிலோ சீனிப் பொட்டலம் ஒன்றை ஒரு விரலில் தூக்குகிற பாரம்தான் அது. அதற்கு முழுக் கை தேவையில்லை.

எவ்வளவு இறுக்கம்? ஏ9 வீதியோரம் நடக்கப் பழகுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போவீர்களே, அவ்வளவு. பிள்ளை நழுவவும் கூடாது, கை நோகவும் கூடாது. முக்கியம் என்னவென்றால், தூக்கும்போது இருந்த இறுக்கம் குண்டு போன பிறகும் அப்படியே இருக்க வேண்டும். போட்டியில் 60 குண்டு. அறுபதுக்கும் அதே பிடி.

சரி, கோதுமை மா. ரொட்டிக்குக் குழைக்கிற பதத்தில் குழைத்து ஒரு தடித்த தடியில் சுற்றுங்கள். மேலே சொன்ன மாதிரிப் பிடித்து, சுட்டுவிரலை மட்டும் காற்றில் மெதுவாக 20 தரம் மடக்கி நீட்டுங்கள். கையை எடுத்துப் பாருங்கள். நடுவிரல், மோதிரவிரல் தடம் ஒரே ஆழமாக, சின்னவிரல் தடம் மெல்லியதாக இருந்தால் நல்லது. சின்னவிரல் மாவைப் பிதுக்கியிருந்தால் உங்கள் ஏழும் எட்டும் அங்கேதான் இருக்கின்றன. தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள். அப்புறம், ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கை நீட்டிப் பிடித்து 15 விநாடி நில்லுங்கள். அது ஒரு கிலோ, எயார் பிஸ்டலின் பாரத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. ஆனால் பிஸ்டல் மாதிரி மரத்தில் செதுக்கி வைத்துக்கொண்டு வேலியோரம் நின்று குறி பார்க்காதீர்கள். நாங்கள் இருப்பது வன்னியில். தூரத்தில் போகிறவருக்கு அது விளையாட்டா என்று தெரியாது.

இனி அந்த மனிதரின் விடயம். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் வருடத்துக்கு வருடம் இதே கதையைக் கேட்கிறேன்.

முதலாவது, கழகத்தின் பிஸ்டலில் உங்கள் கைப்பிடியைப் பூட்ட யார் விடப் போகிறார்கள்? அடுத்த பிள்ளையும் அதே பிஸ்டலில்தான் பழக வேண்டும். இரண்டாவது, ஸ்ரெயர், வால்தர், மொரினி என்று ஒவ்வொரு பிஸ்டலுக்கும் கைப்பிடி வேறு. ஒன்றின் மரம் மற்றதில் ஏறாது. உங்களிடம் எந்தப் பிஸ்டல் என்று கேட்காமலே, உங்கள் கையைக் கடதாசியில் வைத்து வரைந்து அளவு எடுக்காமலே ஒருவர் விலை சொன்னால், அவருக்குக் கைப்பிடி பற்றி ஒன்றும் தெரியாது. மூன்றாவது, கையை முழுக்கச் சுற்றிக் கவ்வுகிற வடிவம் விற்பார்கள். பிடித்தவுடன் சொகுசாக இருக்கும். போட்டிக்கு முன் ஆயுதப் பரிசோதனையில் அது திரும்பி வரும். விதிப்படி மணிக்கட்டு தெளிவாக விடுபட்டுத் தெரிய வேண்டும். உள்ளங்கையின் அடியைத் தாங்குகிற தட்டு மேல்நோக்கி வளையக் கூடாது. முழுப் பிஸ்டலும் 420க்கு 200க்கு 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், பாரம் 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. என்னிடம் பழகிய ஒரு தம்பி இப்படி வாங்கிய கைப்பிடியைப் போட்டியன்று காலை அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தார். அந்த மரத்தூளைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அவருடைய அப்பா இரண்டு போகம் விதைத்து எடுத்த காசு அது.

அனுமதிப்பத்திரக் கதை இதைவிட மோசம். சுடுகலன் விடயம் எங்கள் நாட்டில் இன்றும் 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. அனுமதி ஆளுக்கு, அவருடைய பெயரில், அவருடைய விண்ணப்பத்துக்குக் கிடைப்பது. நடுவில் நிற்கிறவர் அதை வாங்கித் தர முடியாது. "எயார் பிஸ்டல்தானே, விளையாட்டுச் சாமான்தானே, கடிதம் பிறகு வரும்" என்று சொல்லிப் பொருளைக் கையில் தந்துவிட்டுப் போவார்கள். போர் முடிந்து இத்தனை வருடமாகியும், ஒரு வீட்டில் துவக்கு இருக்கிறது என்ற பேச்சு எழுந்தால் யார் யார் வந்து வாசலில் நிற்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் அந்த மனிதரின் தொலைபேசி வேலை செய்யாது. அடையாள அட்டைப் பிரதியையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

தனக்கென்று கைப்பிடி கட்டாயம் தேடவேண்டியவர் இடக்கைக்காரர். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் இடக்கைப் பிள்ளையைச் சோத்துக்கைக்கு மாற்றித்தான் வளர்க்கிறோம். சிலேற்றிலும் அப்படி, சாப்பாட்டிலும் அப்படி. செதுக்கின கைப்பிடி ஒரு கைக்கு உரியது. வலக்கை மரத்தை இடக்கையில் பிடித்தால் பெருவிரல் மேடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் இருக்கும். கழகத்தில் இருப்பதெல்லாம் வலக்கை மரம் என்பதால், இடக்கைப் பிள்ளையும் வலக்கையால் பழகிவிடும். பிறகு கண் பிரச்சினை வரும். இரண்டு கையையும் நீட்டி, நடுவே ஐந்து ரூபாக் குற்றி அளவு ஓட்டை விட்டு, இரு கண்ணாலும் தூரத்துப் பனை வட்டு ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பனை மறைகிறதோ அதுதான் உங்கள் பலமான கண். கையும் கண்ணும் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கமே சுடுங்கள். இடக்கையும் இடக்கண்ணும் பலமான பிள்ளைக்கு இடக்கை மரம் வேண்டும், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. அதைக்கூடக் கழகம் எழுத்தில் கேட்டு எடுக்கட்டும். பிள்ளையின் தாய் சங்கிலியைக் கழற்றக் கூடாது. நீங்களும் இந்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். உங்களை யாராவது சின்ன வயதில் கை மாற்றியிருந்தால், நான் மேலே சொன்னதை மறுபடி யோசிக்க வேண்டி வரும்.

உங்களில் எனக்குக் கோபம் இல்லை. மாதம் இரண்டு முறை, போக 300 கிலோமீற்றருக்கு மேல், வர 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ்ஸில் நித்திரை முழித்துப் போய் ஒரு மணித்தியாலம் சுட்டுவிட்டு வருகிற பிள்ளை குறுக்குவழி தேடுவாள்தான். பத்து மீற்றர் சுடுவதற்கு என்ன வேண்டும்? நீளமான ஒரு மண்டபம், உறுதியான சுவர், நல்ல வெளிச்சம், பூட்டுப் போட்ட அலுமாரி, பொறுப்பான ஒரு ஆள். கிளிநொச்சியில் விளையாட்டு வளாகம் இருக்கிறது, வன்னியின் மற்ற மாவட்டங்களிலும் மண்டபங்கள் இருக்கின்றன. ஒரு மண்டபத்தை வாரத்தில் ஒரு நாள் திறந்துவிடச் சொல்லி நான் எழுதிய கடிதங்கள் ஒரு கோவையில் கிடக்கின்றன. ஒன்றுக்குப் பதில் சிங்களத்தில் வந்தது, மற்றவற்றுக்குப் பதிலே இல்லை. தரகர் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார், அரசாங்கம் வருவதில்லை. இந்த இடைவெளியில்தான் அவர் சம்பாதிக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை போகும்போது இப்படிச் செய்யுங்கள். முதல் அரை மணித்தியாலம் குண்டு போடாமல், அட்டை வைக்காமல், வெற்றுச் சுவரைப் பார்த்து விசையை மட்டும் இழுங்கள். அந்தப் பிஸ்டலை வெறுமனே இழுக்கலாமா என்று பயிற்றுநரிடம் கேட்டுவிட்டு. முன்முனை பள்ளத்தின் நடுவில் அசையாமல் நிற்கும்வரை அட்டையைத் தொடாதீர்கள். பிறகு கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்து பாருங்கள். முனை பள்ளத்தில் நேராக இருந்தால் பிடி சரி. இல்லாவிட்டால் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யாமல், பிஸ்டலைக் கீழே வைத்து முதலிலிருந்து பிடியுங்கள். கூடப் பழகுகிற ஒருவரை இடப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள். அவர் அட்டையைப் பார்க்க வேண்டாம், உங்கள் சின்னவிரல் நகத்தை மட்டும் பார்க்கட்டும். குண்டு போகும் நேரம் அந்த நகம் வெளுத்தால் "வெளுக்குது" என்று சொல்லச் சொல்லுங்கள்.