பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டன் தன் எல்லைச் சோதனைகளை ஏன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது?

“எல்லையை நம் கைக்குக் கொண்டுவருவோம்” என்று ஓட்டுக் கேட்டவர்களே, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியபின் (அதுதான் பிரெக்சிட்) அங்கிருந்து வரும் சரக்கைச் சோதிக்காமல் விட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சோதித்தால் அந்தச் செலவு உள்ளூர்க்காரரின் மளிகை பில்லில் போய் உட்காரும். முக்கியக் காரணம் அதுதான். இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட் பக்கம், சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் உணவுச் சரக்குகளுக்கான காகித வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பிரிட்டன் வெளியேறியது 2020 ஜனவரி 31. பழைய விதிகளே தொடர்ந்த இடைக்கால ஏற்பாடு அந்த டிசம்பரோடு முடிந்தது. மறுநாளே ஐரோப்பிய ஒன்றியம் தன் பக்கம் முழுச் சோதனையைத் தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்திலிருந்து மீனும் நண்டும் அனுப்புகிறவர்கள் காகிதங்களில் சிக்கித் தவித்து, அந்த ஜனவரியிலேயே லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹால் தெருவில் லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எதிர்த்திசையில் ஸ்பெயின் தக்காளி, டென்மார்க் பன்றி இறைச்சி, பிரெஞ்சு சீஸ் எல்லாம் பெரிய தொந்தரவில்லாமல் வந்துகொண்டிருந்தன. மூன்று வருடங்களுக்கு நம் ஏற்றுமதியாளருக்குக் கெடுபிடி, அவர்களுடைய ஏற்றுமதியாளருக்குச் சலுகை. தேசப்பற்று பேசிய அரசுதான் இதைச் செய்தது!

ஐந்து முறை தள்ளிப்போட்டார்கள். துறைமுகம் தயாரில்லை என்றார்கள், கோவிட் என்றார்கள். 2022 ஏப்ரலில் சொன்ன காரணம்தான் உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. உக்ரைன் போரால் விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம். ‘பிரெக்சிட் வாய்ப்புகள்’ துறை அமைச்சராக இருந்த ஜேக்கப் ரீஸ்-மாக், இந்த நேரத்தில் சோதனையைக் கொண்டுவந்தால் அது நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு என்ற பொருளில் பேசினார். பிரெக்சிட்டின் பெரிய வக்கீலே அவர்தான். எதிர்க்கட்சி இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருக்க முடியாது.

கடைசியில் 2024 ஜனவரி 31 முதல் இறைச்சி, சீஸ் போன்ற விலங்குப் பொருட்களுக்குக் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் கட்டாயமானது. ஏப்ரல் 30 முதல் சரக்கைத் திறந்தும் பார்த்தார்கள். பிரான்சுக்கு எதிர்க்கரையில் உள்ள டோவர் துறைமுகத்தில் இறங்கும் லாரியைப் பார்க்கும் இடம் டோவரில் இல்லை. 22 மைல் உள்ளே, ஆஷ்ஃபர்டு அருகே செவிங்டனில். அதுவரை வழியில் எங்காவது சரக்கை இறக்கிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று டோவர் துறைமுகச் சுகாதார அதிகாரிகளே கேட்டார்கள்.

கட்டணம் இன்னொரு கதை. 2024இல் தொடங்கியபோது, இறைச்சி, சீஸ் போன்ற நடுத்தர ஆபத்துள்ள பொருள் என்றால் வகைக்கு 29 பவுண்ட், ஒரு கன்சைன்மென்டுக்கு அதிகபட்சம் 145 பவுண்ட். டோவர் வழியாகவோ பிரான்சிலிருந்து வரும் கடலடிச் சுரங்க ரயில் வழியாகவோ வந்தால், லாரியை யாரும் திறக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும் என்று வைத்தார்கள். ஒரே பொருளை லாரி நிறையக் கொண்டுவரும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு இது பொருட்டே இல்லை. நாலைந்து வகை சீஸும் சாசேஜும் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவிக்கும் சின்னக் கடைக்காரருக்கு லாபமே அதில் போய்விடும். இதில் குரூப்பேஜ் லாரி, அதாவது பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றி வருவது, இன்னும் மோசம். ஒருவருடைய சான்றிதழில் பிழை இருந்தால் மற்ற எல்லோருடைய சரக்கும் சேர்ந்து நிற்கும்.

வட அயர்லாந்தில் விஷயம் மளிகை பில்லைத் தாண்டியது. அது பிரிட்டனோடு சேர்ந்தது, தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. அயர்லாந்துத் தீவின் நடுவே போகும் எல்லை சுமார் 500 கிலோமீட்டர், கடக்கும் வழிகள் 200க்கும் மேல். பல வருட வன்முறைக்கு முடிவு கட்டிய 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே சோதனைச் சாவடி போட யாருக்கும் துணிச்சல் இல்லை. சரி, சோதனையைக் கடலுக்குத் தள்ளுவோம் என்றார்கள். பிரிட்டனிலிருந்து கடல் கடந்து வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட் போகும் சரக்குக்கும் காகிதம் வந்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே எல்லையா என்று, பிரிட்டனோடு இணைந்திருப்பதையே விரும்பும் டி.யூ.பி. கட்சி 2022 பிப்ரவரியில் வட அயர்லாந்து அரசிலிருந்து விலகி, இரண்டு வருடம் சட்டமன்றத்தையே முடக்கியது. 2023இல் அப்போதைய பிரதமர் சுனக் ஐரோப்பிய ஒன்றியத்தோடு போட்ட வின்ட்ஸர் ஒப்பந்தம், வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, அதைத் தாண்டிப் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை என்று பிரித்துச் சூட்டைத் தணித்தது. கடல் எல்லை அங்கேயேதான் இருக்கிறது.

2025 மே மாதம் லேபர் கட்சியின் ஸ்டார்மர் அரசு வேறு வழிக்குத் திரும்பியது. உணவு, தாவரப் பொருட்களுக்கு ஐரோப்பிய விதிகளையே பின்பற்றுவது, பதிலுக்குப் பெரும்பாலான சான்றிதழ்களும் சோதனைகளும் நீங்குவது என்று கொள்கை அளவில் ஒப்புக்கொண்டார்கள். விதிகளுக்குப் பொருள் சொல்லும் கடைசி வார்த்தை ஐரோப்பிய நீதிமன்றத்துடையது. கூடவே ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் மீன் பிடிக்கும் அனுமதி 2038 வரை நீண்டது. எதிர்க்கட்சியாகிவிட்ட கன்சர்வேடிவ்கள் சரணாகதி என்றார்கள். விதியை வகுக்கும் இடத்தில் நமக்கு வாக்கு இல்லாமல் அடுத்தவர் விதியை ஏற்பது நெருடுகிறதுதான், ஆனாலும் என் மேஜைக்கு வரும் காகிதங்களைப் பார்க்கும் நான் இதை ஆதரிக்கிறேன்.

“அப்போ உன் வேலை போய்விடுமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போகாது. உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கமே இல்லாத ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்துக்குத் திரும்ப மாட்டோம் என்று ஸ்டார்மர் சொல்லியிருக்கிறார். மருத்துவர் கையெழுத்து போனாலும் சுங்க டிக்ளரேஷனை ஒவ்வொரு லாரிக்கும் யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும்.