சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

அன்புள்ள ஐயா,

நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு மாணவி. ப்ராஜெக்டுக்காக எச்ஐவி பற்றி நண்பர்களிடம் விசாரித்தேன். கொசு கடித்தால் பரவும் என்று சிலர் நம்புகிறார்கள். 'நம்மைப் போன்றவர்களுக்கு அதெல்லாம் வராது' என்கிறார்கள் பலர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பயமுறுத்தினால்தான் இளையர்கள் கேட்பார்கள் என்று எலும்புக்கூடு படம் போடச் சொல்கிறாள் தோழி. போஸ்டருக்கு நல்ல வாசகம் ஒன்று எழுதித் தருவீர்களா?

க., ஈசூன்

அன்புள்ள க.,

கொசுவால் பரவாது. உணவங்காடியில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் பரவாது. இதைப் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம்.

'எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது' என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் கோபம் வந்தது. நம்மைப் போன்றவர்கள் என்றால் யாரம்மா? படித்தவர்களா, கோயிலுக்குப் போகிறவர்களா? சிங்கப்பூரில் 1985இல் முதன்முதலாக எச்ஐவி கண்டறியப்பட்டது. 2023இல் மட்டும் சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகளில் புதிதாக 207 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் நோய் முற்றிய பிறகே தெரியவந்தது. அவர்களும் 'நமக்கு வராது' என்றுதான் இருந்திருப்பார்கள். வந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களுக்கோ, யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்ற பயம்.

அந்தப் பயத்தை வீட்டுக்குள்ளேயே பார்த்தவன் நான். தொண்ணூறுகளில், தோ பாயோவில் எனக்குச் சித்தப்பா முறையான ஒருவர் இருந்தார். அவருக்கு எச்ஐவி. அவருக்கென்று தனியாக ஓர் எவர்சில்வர் டம்ளர். அடியில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு. மற்ற பாத்திரங்களோடு கலந்துவிடக் கூடாதாம். தேநீர் குடித்ததும் அவரே கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைப்பார். பொட்டு வைத்தது யார் தெரியுமா? அவருடைய அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். எச்சிலால் பரவாது என்பது அந்த வீட்டில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அறிவு மட்டும் போதாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உன் நண்பர்கள் கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் சரியாக விடை எழுதிவிடலாம். பக்கத்து இருக்கைக்காரனுக்கு எச்ஐவி என்று தெரிந்த மறுநாள் எங்கே உட்காருவார்கள்? அதைக் கேட்டாயா?

1998இல் பேடி சியூ தனக்கு எச்ஐவி இருப்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். அப்படிச் சொன்ன முதல் சிங்கப்பூரர் அவர். அடுத்த ஆண்டே இறந்துபோனார். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "இவனுக்கு என்ன தைரியம்!" என்றார் சித்தப்பா. அவர் சாகும்வரை நண்பர்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

எலும்புக்கூடு மட்டும் வேண்டவே வேண்டாம். இன்று மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. 2020 முதல் மருந்துக்கு அரசு மானியமும் கிடைக்கிறது. மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழலாம். பிறகு எதற்குச் சாவைக் காட்டி மிரட்டுவது? மிரண்டவன் பரிசோதனைக்குப் போக மாட்டான், ஒளிந்துகொள்வான்.

வாசகம் எழுதித் தர மாட்டேன். கிளந்தான் லேனில் ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு நடத்தும் பரிசோதனைக்குப் பெயர் சொல்ல வேண்டாம், ஐசி, அதாவது அடையாள அட்டை, காட்ட வேண்டாம். அதைப் பெரிய எழுத்தில் போடு. முதலில் தோழியைக் கூட்டிக்கொண்டு நீயே அங்கே போய், எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எவ்வளவு கட்டணம், முன்பதிவு வேண்டுமா என்று கேட்டு வா. அதையும் போஸ்டரில் சேர்த்துவிடு.