வாசகர் கேள்வி – பதில்: சாவி கொடுத்து ஓடும் கேமரா

கேள்வி: தன் அன்றாட வாழ்வையே படமாக்கிய ஜோனஸ் மேகஸின் டைரிப் படங்களில் காட்சிகள் தடதடவென்று துள்ளுகின்றனவே, எப்படி? தாத்தாவின் பழைய போலெக்ஸ் ஃபிலிம் கேமராவில் தைப்பூசக் காவடியை அப்படி எடுக்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாக. போர் துரத்த லிதுவேனியாவை விட்டு ஓடி, 1949இல் நியூயார்க்கில் அகதியாக இறங்கியவர் மேகஸ். வந்த சில வாரங்களிலேயே கடன் வாங்கி ஒரு போலெக்ஸ் வாங்கிவிட்டார். அந்தத் துள்ளல் பெரும்பாலும் எடிட்டிங் மேஜையில் வந்ததல்ல. ஓரிரு ஃபிரேம்களாக (தனித்தனிப் படங்களாக) பொத்தானைத் தட்டித் தட்டி, கேமராவுக்குள்ளேயே கோத்தது.

முதலில் மூடியைத் திறந்து பல்சக்கரத்தைப் பாருங்கள். இரு பக்கமும் பல் இருந்தால் அது ஆரம்பகால மாடல். இப்போது கிடைக்கும் 16 மி.மீ. ஃபிலிமில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் துளை. அதைப் போட்டால் மறுபக்கப் பல் ஃபிலிமைக் கிழித்துவிடும். இரு பக்கத் துளை ஃபிலிம் என்று கேட்டே வாங்குங்கள். நிழலில் வைத்து மாட்டுங்கள், வெயில் பட்டால் ஓரம் வெளுக்கும். லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஒளி வாங்கும் சன்னலுக்கு (‘கேட்’) மேலும் கீழும் ஃபிலிம் வளையம் தளர்வாக நிற்க வேண்டும். அது இறுகினால் படம் நடுங்கும்.

100 அடிச் சுருள் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 2 நிமிடம் 46 நொடிதான். ஒரு முழுச் சாவிக்கு அரை நிமிடம்கூட ஓடாது. காவடி நெருங்கும்போது சாவி தீர்ந்தால் போச்சு. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் முறுக்கிவிடுங்கள். ஒற்றை ஃபிரேமில் ஷட்டர் சற்று அதிக நேரம் திறந்திருக்கும், அதனால் அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை) கொஞ்சம் குறையுங்கள். இந்தக் கேமரா ஒலியைப் பதியாது; மேளச் சத்தத்தைப் பதியக் கைப்பேசி போதும்.